கெடா வெயிலில் ஆட்டுத்தோல் சட்டையா?

1941 டிசம்பர் 8. சுங்கை லாலாங்கிற்கு அருகே, சுங்கை பட்டாணி விமானத் தளத்தில் ஜப்பானியர் குண்டு வீசியபோது அங்கிருந்தவற்றில் ஆஸ்திரேலியாவின் 21-ஆம் படைப்பிரிவின் பஃபலோ விமானங்களும் அடங்கும்.

அதை ஆறில் ஒரு பங்கு அளவில் ரேடியோ விமானமாகச் செய்தால் 10.67 மீட்டர் இறக்கை 1.78 மீட்டராகும்; 174 செ.மீ. விமானி 29 செ.மீ. பொம்மையாவார். கணக்கு எளிது, உடையில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடைப் பொம்மைகள் பெரும்பாலும் ஐரோப்பியக் குளிருக்கான ஆட்டுத்தோல் சட்டையில் இருக்கும். நமக்கு வேண்டியது காக்கிப் பருத்தி உடையும் மஞ்சள் மிதவைச் சட்டையும். பஃபலோவின் கண்ணாடிக் கூண்டு பெரியது. தவறு உடனே தெரியும்.

பொம்மையின் கால்களை வெட்டிவிடலாம். விமானி ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் அமர்வதால் அவர் எடை வாலைத் தாழ்த்தும். ஈடுகட்ட, குட்டையான மூக்கில் ஈயம் சேர்க்க வேண்டிவரும்.