பச்சை நட்சத்திரத்தை நம்பலாமா?

கண்ணாடித் தொட்டியில் உப்பு நீர் நிரப்பிக் கடல் மீன்களை வளர்க்கும் அன்பர்களுக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ‘பிரிட்டில் ஸ்டார்’ எனப்படும் ஐங்கை ஜந்துவை மீன்களோடு விடலாமா என்பதே அது. “பரம சாது, தொட்டியையும் சுத்தம் செய்யும்” என்று சொல்லி விற்பார்கள். பெரும்பாலான இனங்களுக்கு இது பொருந்தும். ஆனால், எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

இந்த ஜந்து நட்சத்திர மீனுக்குப் பங்காளி முறை. நடுவே காசு போன்ற வட்ட உடல்; அதைச் சுற்றிப் பாம்பின் வால் போல் நெளியும் ஐந்து கைகள். பகைவன் பற்றினால் கையை ஒடித்துக் கொடுத்துவிட்டு ஓடிவிடும். ஒடிந்த கை மீண்டும் வளரும். ஆகவே நாம் இதனை ‘ஒடிநட்சத்திரம்’ என்று அழைப்போம். உலகக் கடல்களில் 2,000க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் பல, பகலில் கல்லிடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து, மீன்கள் உண்ட மிச்சத்தைப் பொறுக்கி வாழ்பவை. அவற்றால் மீனுக்குத் தீங்கில்லை.

பச்சை நிறத்து ஒடிநட்சத்திரத்தின் சுபாவமோ வேறு. பிரெஞ்சு அறிஞர் லமார்க் 1816-ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்திருக்கிறார். சாஸ்திரப் பெயர் ‘ஒபியராக்னா இன்க்ராசாட்டா’. இந்து மகா சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் பவளப் பாறைகளிடையே வாழ்வது. கை ஒவ்வொன்றும் அரையடிக்கு மேல் நீளும். இரவில் இது கைகளை ஊன்றி உடலை உயர்த்திக் கூடாரம் போல் நிற்கும். ஒதுங்கிடம் என்றெண்ணிச் சிறுமீன் அதனடியில் நுழைந்ததும், கைகள் முறுக்கிக்கொள்ளும்; உடல் கீழே இறங்கும்; மீன் கூண்டில் அகப்பட்டுவிடும். காலையில் குழந்தை மீனைத் தேடுவாள். வீட்டார் பூனையின்மீது பழி போடுவார்கள். கொலையாளியோ கல்லுக்கடியில் உறங்கும்!

வயிறு நிறைய இரை போட்டால் இந்த அபாயம் குறையும். ஆனால் அறவே நீங்கிவிடாது. ஆதலால் தரையோரம் உறங்கும் சிறு மீன்களுடன் பச்சை இனத்தைச் சேர்க்காதிருப்பதே விவேகம். வாங்கும் முன் நிறத்தையும், முழு வளர்ச்சியில் எவ்வளவு பெரிதாகும் என்பதையும் கேட்டறிய வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. கிளாத்தி, பேத்தை போன்ற மீன்கள் சாதுவான ஒடிநட்சத்திரத்தின் கைகளைக் கடித்துத் தின்றுவிடும். நன்னீரிலோ இந்த ஜந்து பிழைக்கவே பிழைக்காது. தங்கமீன் தொட்டியில் விடுவது அதனைக் கொல்வதற்குச் சமம்.

இறுதியாக ஒன்று. நம் மன்னார் வளைகுடாவிலும் ஒடிநட்சத்திரங்கள் வாழ்கின்றன. அங்குள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே பாறை புரட்டி உயிர்களைக் கவர்வது சட்டப்படி குற்றம். ஆகவே விற்பவரிடம் ‘எங்கே பிடித்தது?’ என்றும் ஒரு வார்த்தை கேட்போம். நேரான விடை வராவிடில் வெறுங்கையோடு திரும்புவோம். நம் கூடத்தை அலங்கரிப்பதற்காக நம் கடல் வறியதாக வேண்டாம்.