வயற்பாதையில் ஓடும் லொறிகளின் வில்லுத்தகடுகள்: அவற்றை இளகச் செய்யும் முறை

வயலில் விளைந்த நெல்லும் தோட்டத்தில் விளைந்த மரக்கறியும் சந்தையை அடைவதற்குச் செல்லும் வழியில், முதற் சில கிலோமீற்றர் தூரமே மிகக் கடினமானது. தார் வீதியை அடையும் வரை லொறியானது வரம்புகளையும் வாய்க்கால்களையும் மழைநீர் அரித்த ஒழுங்கைகளையும் கடந்து செல்லல் வேண்டும். இத்தூரத்திலேதான் தக்காளிப் பெட்டிகளின் அடியிலுள்ள காய்கள் நசுங்குகின்றன. போஞ்சியும் கோவாவும் உராய்ந்து காயமடைகின்றன. காயப்பட்ட மரக்கறி ஓரிரு நாட்களில் அழுகத் தொடங்குவதால், சந்தையிற் கிடைக்கும் விலை குறைகின்றது.

பொருள் நட்டம் மாத்திரமன்று. வரம்பொன்றின்மேற் சாய்வாக ஏறும் லொறியின் வில்லுகள் வளைந்து கொடாவிடின், ஒரு சில்லு நிலத்தைவிட்டு மேலெழும். பின்னச்சிலுள்ள டிபரன்சியல் இரு பக்கத்துக்கும் ஒரே அளவான திருப்புவலுவைக் கொடுப்பது. ஆகவே அந்தரத்தில் நிற்கும் சில்லு வீணே சுழல, நிலத்தில் நிற்கும் சில்லு இழுக்கும் வலுவை இழக்கும். லொறி அவ்விடத்திலேயே புதைந்து நிற்கும். சுமை உயரமாக ஏற்றப்பட்டு, அதன்மேல் ஆட்களும் அமர்ந்திருப்பின், லொறி கவிழ்ந்து உயிர்ச்சேதமும் நேரலாம்.

இதற்குப் பரிகாரமாகச் சிலர் வில்லிலுள்ள தகடுகளுள் ஒன்றிரண்டைக் கழற்றிவிடுகின்றனர். வேறு சிலர் மேலும் தகடுகளைச் சேர்க்கின்றனர். முதலாவது முறையினால் வில் உடைகின்றது. இரண்டாவது முறையினால் விளைபொருள் உடைகின்றது. சுமை தாங்கும் வலிமையைக் குறைக்காது வில்லை இளகச் செய்யும் வழியொன்று உண்டு. அதுவே இங்கு விளக்கப்படுகின்றது. இம்முறை சிறிய லொறிகளுக்கும் பெட்டி வைத்த சிறு வாகனங்களுக்கும் உரியது.

வில்லின் உறுப்புகள்

ஒரு வில்லுக்கட்டில் நீளத்திற் படிப்படியாகக் குறையும் பல உருக்குத் தகடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றிலும் நீளமானது மெயின் பிளேற்று எனப்படும் தலைத்தகடாகும். அதன் இரு நுனிகளும் சுருட்டப்பட்டுக் கண்களாக அமைந்திருக்கும். ஒரு கண் சசியுடன் நிலையாகப் பொருத்தப்படும். மற்றக் கண், மெக்கானிக்குகள் சக்கிள் எனக் கூறும் ஊசற் கொழுவியிற் பொருத்தப்படும். வில் தட்டையாகும்போது அதன் நீளம் கூடுவதால், இக்கொழுவி அசைந்து இடங் கொடுக்கின்றது.

தகடுகள் யாவற்றையும் நடுச்சுரையாணி ஒன்றிணைக்கின்றது. யூ வடிவான ஆணிகள் வில்லை அச்சுடன் இறுக்குகின்றன. தகடுகள் விசிறிபோல் விரியாதவாறு பக்கங்களிற் கவ்விகள் உள்ளன. சில லொறிகளில் மேலதிகச் சுமை ஏறும்போது மாத்திரம் தொழிற்படும் துணைவில் ஒன்றும் காணப்படும்.

வில்லானது அதிர்ச்சியைத் தாங்குவதோடு, அச்சினை அதன் இடத்தில் நிறுத்தும் வேலையையும் செய்கின்றது என்பது மறக்கத்தக்கதன்று. தலைத்தகடு முறியுமாயின் அச்சு ஒரு பக்கம் விலகும். சாரதி சுக்கானை எவ்வளவு திருப்பினும் லொறி நேர்வழியிற் செல்லாது.

வில் கடுமையாவதற்குரிய காரணங்கள்

லொறி ஏறி இறங்கும்போது தகடுகள் ஒன்றன்மேலொன்று வழுக்குதல் வேண்டும். வயற்சேறும் நீரும் இடையே புகுந்து துருப்பிடிக்குமாயின் இவ்வழுக்கல் தடைப்படும். நன்றாகத் துருவேறிய வில், பல தகடுகள் சேர்ந்த வில்லாகவன்றி, ஒரே தடித்த உருக்குக் கட்டையாகவே நடந்துகொள்ளும். குறுந்தகடுகளின் கூரிய நுனிகள் மேலுள்ள தகட்டிற் குழியைத் தோண்டி அங்கே சிக்கிக்கொள்வதும் உண்டு. கண்களிலுள்ள புஷ்கள் இறுகிவிடுதல், கொழுவியின் ஆணி கிறீஸ் இன்றிக் காய்ந்துவிடுதல் என்பனவும் வில்லைக் கடுமையாக்கும். ஆகவே புதிய தகடுகளை வாங்குமுன், உள்ள வில்லைக் கழற்றித் துப்புரவு செய்து பார்ப்பதே முதற்கடமை. பல லொறிகளுக்கு இதுவே போதுமானதாகும்.

தடிப்பும் வளைவும்

துப்புரவு செய்த பின்னும் வில் கடுமையாகவிருப்பின், தகடுகளின் தடிப்பைக் கவனித்தல் வேண்டும். ஒரே அகலமும் நீளமும் கொண்ட தகடுகளில், வளையாது எதிர்க்கும் கடுமையானது தடிப்பை மும்முறை பெருக்கிய அளவிற்கேற்பக் கூடும். சுமை தாங்கும் வலிமையோ, தடிப்பை இருமுறை பெருக்கிய அளவிற்கேற்பவே கூடும். இவ்வேறுபாட்டிலேதான் முழுப் பயனும் அடங்கியுள்ளது.

உதாரணமாக, 10 மில்லிமீற்றர் தடிப்பான தகடு ஒன்றையும் 6 மில்லிமீற்றர் தடிப்பான தகடுகள் மூன்றையும் ஒப்பிடுக.

10 மி.மீ. தகடு ஒன்று: வலிமை 10 × 10 = 100; கடுமை 10 × 10 × 10 = 1000.
6 மி.மீ. தகடு மூன்று: வலிமை 3 × 36 = 108; கடுமை 3 × 216 = 648.

மூன்று மெல்லிய தகடுகள் அதே சுமையைத் தாங்குகின்றன. ஆயினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வளைந்து கொடுக்கின்றன. எனவே, தடித்த தகடுகள் சிலவற்றுக்குப் பதிலாக மெல்லிய தகடுகள் பலவற்றை இடுவதே சரியான திருத்தமாகும்.

தகட்டைக் கழற்றிவிடுவதில் உள்ள தீங்கும் இதனால் விளங்கும். ஒரே தடிப்பான ஐந்து தகடுகளுள் ஒன்றை நீக்கினால், எஞ்சிய நான்கும் ஒவ்வொன்றும் முன்னையதிலும் காற்பங்கு அதிகமான சுமையைத் தாங்க நேரிடும். வெறும் லொறி இளகி ஓடும். நெல் மூட்டைகள் ஏறிய அன்று தலைத்தகடு முறியும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தடித்த தகடுகளையும் மெல்லிய தகடுகளையும் ஒரே கட்டிற் கலத்தல் நன்றன்று. எல்லாத் தகடுகளும் ஒருங்கே வளைவதால், தடித்த தகடே அதிக இழுவிசைக்கு உட்பட்டு முதலில் வெடிக்கும். ஆகையால் கட்டு முழுவதையும் ஒரேயடியாக மாற்றுதல் வேண்டும். அச்சின் இரு பக்கத்து வில்லுகளையும் ஒன்றாகவே மாற்றுக.

திருத்தும் முறை

1. லொறியைச் சமநிலத்தில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வைக்க. சசியை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துக. ஜாக்கியை மாத்திரம் நம்பி லொறியின் கீழே செல்லல் ஆகாது.

2. வில்லைக் கழற்றியதும், நடுச்சுரையாணியை அவிழ்க்குமுன் தகடுகளைப் பெரிய கவ்வியினால் அல்லது குறட்டினால் இறுகப் பிடித்துக்கொள்க. அழுத்தி வைக்கப்பட்ட தகடுகள் திடீரென விரிந்து கையை முறிக்கக்கூடும். சுரையாணியை நீக்கிய பின்பு, கவ்வியைச் சிறிது சிறிதாகத் தளர்த்துக.

3. தகடுகளின் ஒழுங்கைச் சுண்ணக்கட்டியாற் குறித்து, கம்பித் தூரிகையினாற் துருவை அகற்றுக. நடுத்துளையைச் சுற்றியும் கண்களின் அருகேயும் வெடிப்பு உண்டோவெனப் பார்க்க. வெடித்த தகடு எவ்வளவு சிறிதாயினும் மீண்டும் பயன்படத் தக்கதன்று.

4. குறுந்தகடுகளின் நுனி மூலைகளை வட்டமாக அராவுக. மேற்றகட்டைத் தொடும் ஓரத்தையும் சாய்வாக அராவி மழுக்குக. சாணைக்கல்லைப் பயன்படுத்துவோர் உருக்கு நீலநிறம் அடையாதவாறு ஆறுதலாகச் செய்தல் வேண்டும். நீலநிறம் தோன்றின் உருக்கின் பதம் கெடத் தொடங்கிவிட்டது என்பது பொருள்.

5. புதிய கட்டாயின், தலைத்தகட்டின் கண்ணை இரண்டாந் தகட்டின் நுனி சிறிது இடைவெளியுடன் சூழ்ந்திருக்குமாறு செய்விக்க. தலைத்தகடு முறியினும் அச்சு விலகாது நிற்க இது உதவும். ஏனைய தகடுகளின் நீளம் சீரான படிகளாகக் குறைதல் வேண்டும். துணைவில் இருப்பின் அதனை நீக்கற்க.

6. தகடுகளுக்கிடையே கிரபைற்றுக் கலந்த கிறீசை மெல்லியதாகப் பூசுக. மணற்பாங்கான இடங்களிற் கிறீசில் மணல் ஒட்டித் தகட்டைத் தேய்க்குமாதலால், நுனிகளில் நைலோன் தகட்டுத் துண்டுகளை வைப்பது மேலானது.

7. பக்கக் கவ்விகளை மீளப் பொருத்துக. அவை தகடுகளை நெரிக்காது, வழுக்குவதற்கு இடங்கொடுத்தல் வேண்டும். கவ்விகளை முற்றாக நீக்கிவிட்டால், சில்லு பள்ளத்தில் இறங்கும்போது தலைத்தகடு தனியே இழுபட்டு முறியும்.

8. மெல்லிய தகடுகள் பல சேர்ந்த கட்டு உயரமானது. ஆகவே அதற்கேற்ற நீளமான புதிய யூ ஆணிகள் தேவைப்படும். பழைய ஆணிகள் இழுபட்டவையாதலால் மீண்டும் பயன்படுத்தற்குரியன அல்ல. நான்கு சுரைகளையும் மூலைக்கு மூலை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குக.

9. றப்பர் புஷ் உள்ள கண்களின் ஆணிகளை, லொறியின் பாரம் சில்லுகளின்மேல் இறங்கிய பின்னரே இறுதியாக இறுக்குக. தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் எப்போதும் முறுக்குண்டு விரைவிற் கிழியும்.

இளகிய வில்லும் ஏனைய உறுப்புகளும்

வில் அதிகம் அசையும்போது அதனுடன் சேர்ந்த உறுப்புகளும் அதிகம் அசையும். ஒரு பின்சில்லின் கீழ் உறுதியான பலகைகளை அடுக்கி, வெறும் லொறியை மெதுவாக அதன்மேல் ஏற்றி நிறுத்திப் பின்வருவனவற்றைப் பார்க்க: பிறேக்குக் குழாய் இழுபடுகின்றதா? அதிர்ச்சி தாங்கி முழுநீளமும் நீண்டு முட்டுகின்றதா? மேலெழுந்த சில்லின் ரயர் பெட்டியில் உராய்கின்றதா? வில் தட்டையாகும்போது அச்சு சற்றுப் பின்னே நகர்வதால், இயக்கத் தண்டின் வழுக்கு மூட்டில் இடமுண்டா? இவற்றுள் ஒன்றேனும் குறையாயின், அதனைத் திருத்தாது வீதியில் ஓட்டுதல் ஆகாது. சில்லு மேலெழும் எல்லையிற் சசியைக் காக்கும் றப்பர்க் கட்டைகளும் இருத்தல் வேண்டும்.

கொழுவியை நீளமாக்குவதாற் சிறிது அசைவு கூடும். ஆயினும் அளவு மீறலாகாது. கொழுவி 50 மில்லிமீற்றர் நீண்டால் லொறி அவ்விடத்தில் ஏறத்தாழ 25 மில்லிமீற்றரே உயரும். பக்கவாட்டு ஆட்டமோ அதிகரிக்கும். முன்னச்சில் இவ்வாறு செய்யின் அச்சின் சாய்வு மாறி, வேகமாகச் செல்லும்போது சுக்கான் அலையக்கூடும்.

செய்யத்தகாதன

வில்லுத்தகட்டை ஒட்டுவேலை செய்தல், வாயு விளக்கினாற் சூடாக்கி வளைத்தல், புதிய துளையிடுதல் ஆகிய மூன்றும் முற்றாக விலக்கற்குரியன. வில்லுருக்கு பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்தி, மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதமாக்கப்பட்டது. கம்மாலைத் தீயில் வைத்து வளைத்த தகடு பார்வைக்கு நன்றாயிருக்கும். பதம் கெட்டமையால் முதற் சுமையிலேயே தொய்ந்துவிடும், அல்லது ஒட்டிய இடத்தில் முறியும். தொய்ந்த தகட்டைச் சூடாக்காது அழுத்தி வளைக்கவும், வேண்டுமாயின் மீளப் பதமாக்கவும் வசதியுள்ள வில்லு வேலைத்தலத்திலேயே அவ்வேலையைச் செய்விக்க.

சுமை

வில் இளகியது என்பதனாற் சுமையைக் கூட்டும் உரிமை கிடைத்துவிடாது. லொறியின் பதிவிற் குறிக்கப்பட்ட நிறையே எல்லையாகும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வாகனங்கள் பதியப்படுகின்றன; பதிவுக்கு மாறான அமைப்பு மாற்றம் எதையும் செய்யுமுன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளல் நன்று. இளகிய வில்லுள்ள லொறி வளைவுகளில் அதிகம் சாயும். ஆதலால் மூட்டைகளை உயரமாக அடுக்காது, பாரமானவற்றை அடியிலும் நடுவிலும் வைக்க. சுமையின்மேல் ஆட்களை ஏற்றாதிருக்க.

திருத்தியபின் முதல் நாள் அரைச்சுமையுடன் ஓட்டி, மாலையில் யூ ஆணிகளை மீண்டும் இறுக்குக. ஒரு கிழமை கழித்து இன்னொரு முறை இறுக்குக. பின்னர் ஒவ்வொரு போகத்தின் அறுவடைக்கு முன்பும் வில்லுகளைக் கழுவி, வெடிப்பையும் தளர்ந்த சுரைகளையும் தேடிப்பார்க்க. இவ்வேலைக்கு அரைநாட் பொழுது போதும். அறுவடை நாளில் வாய்க்கால் நடுவே தலைத்தகடு முறியுமாயின், வயலில் அடுக்கிய நெல் மழையில் நனைவதைக் காத்திருந்து பார்க்க வேண்டியதுதான்.