சன்னல் பூட்டுச் சாவி

சன்னல் பூட்டுச் சாவி என்பது சன்னலின் கைப்பிடியை அல்லது தாழ்ப்பாளைப் பூட்டவும் திறக்கவும் பயன்படும் சிறிய சாவி ஆகும். பிரித்தானியாவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. குடியிருப்போர் மாறும்போது இச்சாவிகள் தொலைவதும், எந்தப் பூட்டுக்குரியவை என்று தெரியாமல் பழைய சாவிகள் எஞ்சுவதும் உண்டு. வாசற்கதவுச் சாவியைப் போல இது ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. ஒரே வடிவமைப்பிலான பூட்டுகளுக்குப் பெரும்பாலும் ஒரே சாவி பொருந்தும். எனவே சாவி தொலைந்தாலும் பூட்டின் வகையைக் கொண்டு மாற்றுச் சாவியைக் கண்டறியலாம்.

வகைகள்

பிவிசி நெகிழிச் சட்டகச் சன்னல்களில் கைப்பிடியிலேயே சாவித்துளை இருக்கும். இதற்குச் சிறிய தட்டைச் சாவி பயன்படுகிறது.

பழைய மரச் சன்னல்களில் மரத்தினுள் துளையிட்டுத் தாழ்ப்பாள் பொருத்தப்பட்டிருக்கும். இதன் சாவி, நீளவாக்கில் வரிப்பள்ளங்கள் கொண்ட உருண்டைத் தண்டாகும். அதன் நுனி நட்சத்திரம் போல் தோன்றும்.

மேலும் கீழும் நகரும் மரச் சன்னல்களில் இரு கண்ணாடிச் சட்டங்களையும் ஒரு திருகு இணைக்கும். அதைச் சுழற்ற அறுகோணம் போன்ற வடிவமுடைய சாவி தேவைப்படும்.

இனங்காணல்

முதலில் சட்டகம் மரமா, நெகிழியா, உலோகமா என்று பார்க்க வேண்டும். அடுத்துச் சாவித்துளையின் வடிவத்தையும் அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். கைப்பிடியிலோ பழைய சாவியிலோ தயாரிப்பாளர் பெயர் அல்லது எண் பொறிக்கப்பட்டிருந்தால், அதைக் கொண்டு பூட்டுக் கடையில் சாவி பெறலாம். எழுத்து எதுவும் இல்லையெனில், அளவுகோலை அருகில் வைத்து எடுத்த ஒளிப்படம் உதவும். பொருந்தாத சாவியை வலிந்து திருப்பினால் அது பூட்டினுள் முறியக்கூடும்.

கைப்பிடியை மாற்றுதல்

சாவி கிடைக்காதபோது கைப்பிடியையே மாற்றலாம். பிவிசி சன்னல்களில் பரவலாக உள்ள வகையில், திருகாணித் துளைகளுக்கு இடையே 43 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். சட்டகத்தினுள் செல்லும் சதுரத் தண்டு 7 மில்லிமீட்டர் தடிப்புடையது. தண்டின் நீளம் சன்னலுக்குச் சன்னல் வேறுபடுவதால் அதையும் அளந்த பின்னரே புதியதை வாங்க வேண்டும்.

பல கைப்பிடிகள் பூட்டிய நிலையில் திருகாணியை மறைத்துக்கொள்ளும். அப்போது பூட்டின் உருளையைத் துளையிட்டு அகற்ற நேரிடும். மேல்தளங்களில் இப்பணியைப் பூட்டுத் தொழிலாளரிடம் விடுவதே பாதுகாப்பானது.

இங்கிலாந்தில் குத்தகை முறையில் உள்ள பல அடுக்குமாடி வீடுகளில் சன்னல் சட்டகம் கட்டட உரிமையாளரின் பொறுப்பில் இருக்கலாம். சாவி வாங்குவதற்கு இது தடையன்று. ஆனால் சட்டகத்தில் புதிய துளையிடுவதற்கு முன் குத்தகை ஒப்பந்தத்தைப் பார்த்து, தேவையான அனுமதியைப் பெற வேண்டும்.

பாதுகாப்பு

சன்னல் சாவி தொலைவது தீ விபத்தின்போது உயிருக்கு ஆபத்தாகலாம். இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி, தீயின்போது தப்பிக்கும் சன்னலின் திறப்பு குறைந்தது 0.33 சதுர மீட்டர் பரப்பும், 450 மில்லிமீட்டர் அகலமும் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. அத்தகைய சன்னலில் கழற்றக்கூடிய சாவியுள்ள பூட்டை அது தடை செய்யவில்லை. ஆகவே சாவி இருக்குமிடம் வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவருக்கும் தெரிந்திருப்பது இன்றியமையாதது.

சாவியைப் பூட்டிலேயே விட்டுவைத்தால் குழந்தைகள் சன்னலைத் திறந்து விழக்கூடும். வெளியிலிருந்து கைக்கெட்டும் இடத்தில் வைத்தால் திருடருக்கு உதவும். சன்னலுக்கு அருகில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில், வெளியிலிருந்து தெரியாதவாறு ஓர் ஆணியில் மாட்டுவது இவ்விரண்டையும் தவிர்க்கும். ஒரே சாவி பல சன்னல்களுக்குப் பொருந்துவதால், அறைக்கு ஒன்றாகக் கூடுதல் சாவிகள் வாங்கி வைப்பதும் எளிது.