கடை வேன் பழசானால் என்ன? - நாமே செய்யக்கூடிய பழுதுகளும், தொடக்கூடாத பழுதுகளும்



நம் உறுப்பினர்களில் பலருடைய கடை வாசலில் இன்றும் ஒரு பழைய ஆம்னி வேனோ மாருதி 800 காரோ நிற்பதைக் காணலாம். விடியற்காலையில் மொத்தக் கடைக்குச் சரக்கெடுக்கப் போவதும் அதில்தான். மாதத் தொடக்கத்தில் வாடிக்கையாளர் வீடுகளுக்கு மளிகைச் சாமான் கொண்டு சேர்ப்பதும் அதில்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குப் போவதும் அதில்தான்.

மாருதி 800 கார் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014-இல் நின்றது. 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பின்னர் ஆம்னி என்று பெயர் மாறிய வண்டி 2019-இல் நின்றது. இரண்டுக்கும் 796 சி.சி. கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின்தான். புதிதாக இனி வராது. ஆனால் உதிரிபாகம் கிடைக்கிறது, வேலை தெரிந்த மெக்கானிக்கும் ஊருக்கு ஊர் இருக்கிறார். ஆகவே கவனித்து வைத்துக்கொண்டால் இன்னும் பல ஆண்டு ஓடும். கவனிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். என் ஆம்னி வேனில் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வந்தது. குறையும்போதெல்லாம் கடையில் ஒரு பாட்டில் வாங்கி நானே ஊற்றி வந்தேன். மூன்று மாதம் இப்படியே போயிற்று. "நாமே பார்த்துக்கொள்கிறோம்" என்ற பெருமை வேறு. ஒருநாள் அதிகாலை பத்து மூட்டை அரிசியுடன் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரை போய்விட்டது. பக்கத்தில் என் இளைய மகன் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் கியருக்கு இறக்கி, கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரத்து மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். பின் சக்கரத்து வீல் சிலிண்டரில் கசிவு இருந்திருக்கிறது. அதன் விலை சில நூறு ரூபாய்தான்.

கடையில் சர்க்கரை இருப்பு தினமும் இரண்டு கிலோ குறைந்தால், புதிதாக இரண்டு கிலோ வாங்கி நிரப்பிவிட்டு நாம் சும்மா இருப்போமா? எங்கே போகிறது என்று தேட மாட்டோமா? வண்டிக்கும் அதே கணக்குத்தான். ஊற்றி நிரப்புவது பழுதுபார்ப்பு ஆகாது. ஏன் குறைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பழுதுபார்ப்பு.

தினமும் ஐந்து நிமிடம்

கடை திறக்கும் முன் விளக்கேற்றுவது போல, வண்டி எடுக்கும் முன் இவற்றைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

1. இரவு வண்டி நின்ற இடத்தில் தரையில் கறை உண்டா? கறுப்பாகவோ பழுப்பாகவோ பிசுபிசுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில் அல்லது கியர் ஆயில். பச்சையோ சிவப்போ நிறமுள்ள நீராக இருந்தால் கூலண்ட். சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அன்று வண்டியை எடுக்கவே கூடாது.

2. வண்டி சமதரையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டிப் ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்து ஆயில் அளவைப் பார்க்கவும். இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்கவும்.

3. கூலண்ட் அளவும் பிரேக் ஆயில் அளவும் டப்பாவின் கோடுகளுக்கு நடுவில் உள்ளனவா?

4. நான்கு டயர், ஒரு ஸ்டெப்னி. ஸ்டெப்னியில் காற்று இல்லாமல் நடுவழியில் நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்!

5. பெட்ரோல் வாடை வருகிறதா? இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நாமே செய்யக்கூடியவை

பேட்டரி: பழைய வண்டி காலையில் கிளம்பாததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்கும் கீழே போனால் அநேகமாகக் காலி. எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் குறை ஆல்டர்னேட்டர் பக்கமோ பெல்ட் பக்கமோ இருக்கிறது. புதுப் பேட்டரி வாங்கினாலும் பத்து நாளில் அதுவும் இறங்கிவிடும். டெர்மினலில் வெள்ளைப் பூப்பு பிடித்திருந்தால் முதலில் நெகட்டிவ் ஒயரையும் பிறகு பாசிட்டிவ் ஒயரையும் கழற்றி, வெந்நீரால் கழுவித் துடைத்து, வாஸ்லின் தடவி இறுக்கவும். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு தண்ணீர் ஊற்றக்கூடாது.

ஸ்பார்க் பிளக்: எஞ்சின் ஆறிய பிறகு, ஒரு நேரத்தில் ஒரு ஒயரை மட்டும் கழற்றிப் பிளக்கை எடுத்தால் ஒயர் மாறிப்போகாது. முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் எஞ்சினுக்குள் ஆயில் ஏறுகிறது. திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள்; ஸ்பேனரால் கோணலாகத் திருகி மரை போனால் செலவு பல மடங்கு.

ஏர் ஃபில்டர்: நம் கடை வண்டிக்கு மாவுத் தூசியும் தெருத் தூசியும் சேர்ந்தே வரும். மாதம் ஒருமுறை கழற்றித் தட்டிப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியவில்லை என்றால் மாற்றிவிட வேண்டும்.

எஞ்சின் ஆயில்: வண்டியின் குறிப்பேட்டில் சொன்ன கிரேடு ஆயிலை, சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள். நின்று நின்று போகும் கடை வண்டிக்குச் சற்று முன்னதாகவே மாற்றுவது நல்லது. ஆயிலோடு ஃபில்டரையும் மாற்ற வேண்டும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் டப்பாவில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

ஃபியூஸ்: போன ஃபியூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். அவசரத்துக்குச் சிகரெட் தாளையோ கம்பியையோ வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. ஒயர் சூடாகி வண்டியே எரியும் வழி அது.

சூடு ஏறினால்

ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால், சூடு ஏறுவது ஓட்டுகிறவருக்கு உடனே தெரியும். எப்போது ஏறுகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நெரிசலில் நிற்கும்போது ஏறி, வேகமாக ஓடும்போது இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. அதன் ஃபியூஸையும் சுவிட்சையும் பாருங்கள். நல்ல சாலையில் ஓடும்போதே ஏறினால் கூலண்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் ஆகியவற்றில் ஒன்று.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகம் வெந்துபோகும். அரை மணி நேரமாவது பொறுத்திருங்கள்.

சூடு ஏறுகிறது என்று சொன்னால் சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வர நேரமாகிறது. பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது. உள்பாகங்களும் சீக்கிரம் தேய்கின்றன. பழுதானால் புதியது போடச் சொல்லுங்கள். அதேபோல வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி வந்தால் உள்ளே துருவும் உப்பும் படியும். கூலண்ட் கலந்தே ஊற்ற வேண்டும்.

பெட்ரோலில் வந்த மாற்றம்

பழைய வண்டிக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய புதுச் செய்தி இது. 2025 முதல் நாடு முழுவதும் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பொதுவாகக் கிடைக்கிறது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் கார்புரேட்டர் வாஷர்களும் இவ்வளவு எத்தனாலை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பியோ வெடித்தோ கசியக்கூடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வண்டி வாரக்கணக்கில் நின்றால் டேங்கில் தண்ணீர் சேர இடமுண்டு.

ஆகவே பெட்ரோல் குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய் போடச் சொல்லுங்கள். கசிவு தீ விபத்துக்கு வழி. அதோடு நம் தொழிலுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு: தேயிலை, மாவு, அரிசி எல்லாம் வாடையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் வாடை ஏறிய ஒரு மூட்டை மாவை எந்த வாடிக்கையாளரும் வாங்க மாட்டார்.

பெட்ரோல் செலவுக்குப் பயந்து வீட்டுச் சமையல் சிலிண்டரை வண்டியில் வைத்து ஓட்டுவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அது சட்டப்படி குற்றம் மட்டுமல்ல. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணமும் கைக்கு வராமல் போகலாம். வண்டிக்கென்று செய்த கேஸ் டேங்கில் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வு உண்டு. சமையல் சிலிண்டரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்து வருவது நம் பிள்ளைகள் என்பதை நினைவில் வையுங்கள்.

கை வைக்கக் கூடாதவை

பிரேக், ஸ்டியரிங், டைமிங் பெல்ட், பெட்ரோல் டேங்க் - இந்த நான்கையும் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். நாம் செய்ய வேண்டியது அறிகுறியைக் கண்டு சொல்வது. பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் சந்தேகம். மிதித்தால் பஞ்சு போல இருந்தால் உள்ளே காற்று. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கிறது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொண்டு நாளடைவில் வலு இழக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றச் சொல்ல வேண்டும். அந்த டப்பாவில் வேறு எந்த எண்ணெயும் ஊற்றக்கூடாது.

வெறும் ஜாக்கியை நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. கடைப் பையனையும் போகச் சொல்லக்கூடாது. சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கி ஏற்ற வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான டயர் வெடித்திருந்தால் சரக்கேற்றி ஓட்டாதீர்கள். வண்டிக்கு விதித்த எடைக்கு மேல் ஏற்றினால் டயரும் பிரேக்கும் பட்டையும் ஒன்றாகவே தேயும். இரண்டு நடையாகப் போகும் பெட்ரோல் செலவு அதைவிடக் குறைவு.

வண்டிக்கும் ஒரு பேரேடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, கிலோமீட்டர், போட்ட பெட்ரோல், செய்த வேலை, செலவு - இவ்வளவே. டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பும்போது ஆன லிட்டரால் ஓடிய தூரத்தை வகுக்கவும். 350 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் என்றால் லிட்டருக்கு 14. அடுத்த மாதம் அதே பாதையில் 11 ஆனால், டயர் காற்று, பிளக், ஏர் ஃபில்டர், விடாமல் பிடிக்கும் பிரேக் என்று வரிசையாகத் தேடலாம். ஓடி வந்து நின்றதும் சக்கரங்களுக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எப்போது கைவிடுவது? அதையும் பேரேடே சொல்லும். உதாரணமாக, பெட்ரோல் நீங்கலாக ஆண்டுச் செலவு 27,000 ரூபாய், ஓடியது 9,000 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் ஆகிறது. இதோடு பெட்ரோலையும் சேர்த்து, லோடு ஆட்டோ வாடகையோடும் புது வண்டியின் தவணையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவுப் புதுப்பிப்பையும் மறக்கக்கூடாது. சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த இக்கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 10,000 என 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. பசுமை வரியும் உண்டு. ஆனால் அடிச்சட்டத்திலோ பட்டை பொருந்தும் இடத்திலோ துரு தின்றிருந்தால் கணக்கே வேண்டாம். அன்றே நிறுத்திவிட வேண்டும்.

அன்பர்களே, பழைய வண்டியை ஓட்டுவதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் சிக்கனம் வேறு, அசட்டை வேறு. அந்த மேம்பாலத்துக்குப் பிறகு என் வீட்டில் பிரேக் ஆயில் பாட்டில் வாங்கி வைப்பதில்லை. அளவு குறைந்தால் வண்டி நேராகப் பட்டறைக்குத்தான் போகும். நாளைக் காலை கடைக் கதவைத் திறக்கும் முன் உங்கள் வண்டியின் டப்பாவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.