எந்த வாசலைத் தட்டுவது?

வாக்குச் சாவடிக்கு நாம் வெறும் நெஞ்சோடு செல்வதில்லை. கூலி, விலைவாசி, பிள்ளைகளின் எதிர்காலம் எனக் கவலைகள் பலவற்றைச் சுமந்தே செல்கிறோம். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் லோக்நிதி ஆய்வாளர்கள் பல மாநில வாக்காளர்களிடம் அவர்களது முதற்கவலை எது என வினவினர். நூற்றுக்கு 27 பேர் வேலையின்மை என்றனர். 23 பேர் விலைவாசி என்றனர். தம்மை வருத்துவது எது என்பதை மக்கள் நன்கறிவர். அதைத் தீர்க்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதையும் அறிந்துதான் வாக்களிக்கிறோமா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

விருதுநகரின் பழைய வரலாறு ஒன்று இதற்கு நல்ல பாடம். 1967-இல் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராய் விளங்கிய காமராசர், தம் சொந்த ஊரிலேயே மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். பள்ளிகளைத் திறந்து, மதிய உணவளித்த பெருமகனை ஊரார் மறந்தனரா? இல்லை. அரிசித் தட்டுப்பாடு அடுப்படியை வாட்டியது. இந்தி எதிர்ப்பின் கொதிப்பும் ஆறவில்லை. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி ஒவ்வொரு தாயின் செவியிலும் விழுந்தது. ஆட்சி மாறியது. சென்னையிலும் கோவையிலும் அத்திட்டம் தொடங்கப்பட்டது. ஆனால் நிதிச்சுமையால் மாநிலம் முழுவதும் பரவ இயலவில்லை. மக்கள் கேட்டது நியாயமே. அதற்குரிய பணம் எங்கிருந்து வரும் என்பதற்கான விடைதான் தேர்தலுக்குப் பின்னர் வந்தது.

இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் அரிசியின் இடத்தில் பட்டாசு நிற்கிறது. அங்குள்ள தொழிலாளியின் நெஞ்சில் இரண்டு அச்சங்கள் குடிகொண்டுள்ளன. ஆலை மூடப்பட்டால் அடுப்பு எரியாது என்பது ஒன்று. ஆலை வெடித்தால் வீடே இருண்டுவிடும் என்பது மற்றொன்று. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆயினும் தேர்தல் மேடைகளில் முதல் அச்சமே உரக்கப் பேசப்படுகிறது. இரண்டாவதைப் பேசினால் சோதனை வரும், சோதனை வந்தால் வேலை நிற்கும், வாரக் கூலி போகும் எனத் தொழிலாளியே அஞ்சுகிறார். இந்த மௌனத்தின் விலையை யார் கொடுக்கிறார் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

'பட்டாசுத் தொழிலைக் காப்போம்' என்று எல்லாக் கட்சியினரும் கூறுகின்றனர். எல்லாரும் ஒன்றையே கூறும்போது, அதை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்? எவ்வாறு காப்பீர், எந்த அதிகாரத்தால் காப்பீர் என்று கேட்டால்தான் வேற்றுமை புலப்படும்.

அதற்கு நாம் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும். வெடிபொருள் என்பது நமது அரசியல் சட்டப்படி மத்திய அரசின் பட்டியலில் உள்ளது. பெரிய ஆலைகளின் உரிமம் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பைச் சார்ந்தது. சிற்றாலைகளின் உரிமம் மாவட்ட நிர்வாகத்திடம் உள்ளது. இது நம் தொழிலாளருக்குப் புதிய செய்தியன்று. 'நாக்பூர் லைசென்ஸ்', 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்' என்று ஆலைகளைப் பிரித்துச் சொல்பவர்கள் அவர்களே! ஆலைக்குள் பாதுகாப்பு விதிகள் பேணப்படுகின்றனவா எனப் பார்ப்பது மாநிலத் தொழிற்சாலை ஆய்வாளரின் கடமை. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பது மாநில அரசு. பட்டாசின் மீதான சரக்கு சேவை வரி 2017-இல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அம்முடிவு மத்திய, மாநில நிதியமைச்சர்கள் கூடிய மன்றத்தில் எடுக்கப்பட்டது. பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் 2018 அக்டோபர் 23-இல் தடை விதித்தது உச்சநீதிமன்றம். அத்தடையைச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தம் கையெழுத்தால் நீக்கிவிட முடியாது.

ஆகவே சட்டமன்ற வேட்பாளர் நம் தெருவுக்கு வரும்போது, விதிமீறி ஆலைகளை உள்குத்தகைக்கு விடுவதை எவ்வாறு தடுப்பீர் என்று கேட்கலாம். தொழிற்சாலை ஆய்வாளர்களின் எண்ணிக்கை போதுமா என்றும் கேட்கலாம். நாடாளுமன்ற வேட்பாளரிடம், பேரியத்துக்கு மாற்றாகும் மூலப்பொருள் ஆய்வுக்கும், உரிம விதிகளைச் சீர்செய்வதற்கும் என்ன செய்வீர் எனக் கேட்க வேண்டும். கேள்வி உரிய வாசலைச் சென்றடைந்தால், 'அது என் கையில் இல்லை' என்ற விடைக்கு இடமிராது.

ஒரு வாக்கினால் என்ன ஆகிவிடும் என்று சோர்வோரும் உளர். 2024-இல் விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதியின் முடிவு 4,379 வாக்குகளில் தீர்ந்தது. பல இலட்சம் பேர் வாக்களித்த தொகுதியில், சில ஊர்களின் முடிவே வெற்றியை மாற்றியிருக்கும்.

நம் இல்லங்களில் கற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். உணவு முடிந்து குடும்பம் கூடியிருக்கும் இரவொன்றில், எந்தக் காரியம் எந்த அரசினுடையது என்பதைப் பெற்றோருக்கு அவர்கள் விளக்கிச் சொல்லட்டும். திரி வெட்டியும் மருந்து செலுத்தியும் உழைக்கும் அன்னையும் தந்தையும் ஆலைக்குள் தாம் காண்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். ஒருவரிடம் அனுபவம் இருக்கிறது, மற்றவரிடம் ஏட்டறிவு இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் சந்தித்த பின்னர் நாம் வாக்குச் சாவடிக்குச் செல்வோம்.