கூச்சல் அடங்கியது, சிரிப்பு திரும்புமா?

மனச்சிதைவு நோய்க்கு இன்னொரு மாத்திரை!

"இப்பல்லாம் கத்துறதில்ல டாக்டர். ஆனா மூலையிலயே உக்காந்திருக்கான். பேச்சும் இல்ல, சிரிப்பும் இல்ல..."

மனநோய் டாக்டர்களிடம் பெற்றோர் பலர் சொல்லும் குறை இது.

1952-ல் பாரிசில் குளோர்புரோமசின் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மனச்சிதைவு நோயாளிகளின் காதில் கேட்கும் குரலும், 'யாரோ கொல்ல வர்றாங்க' என்ற பயமும் அடங்கின. ஆனால் முடங்கிக் கிடப்பதும், எதிலும் ஆசை இல்லாமல் போவதும் அவ்வளவாகத் தீரவில்லை.

கூடவே கொடுத்தால்?

மனச்சோர்வு மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? 'அடங்கிய நோய் மறுபடி கிளம்பிவிடுமோ' என்று டாக்டர்களே தயங்கினர்.

ஜெர்மனியில் மியூனிச் நகர ஆராய்ச்சியாளர்கள், ஏற்கனவே நடந்த 82 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டனர். அவற்றில் இருந்த நோயாளிகள் 3,608 பேர்.

சோர்வும் முடக்கமும் குறைந்தன. நோய் முற்றியதாகத் தெரியவில்லை. ஆனால் பலன் சிறிய அளவுதான். வயிற்றுவலி, மலச்சிக்கல், தலைசுற்றல், வாய் உலர்தல் ஆகிய தொல்லைகளும் இருந்தன.

உஷார்!

முதல் மாத்திரையின் அளவு கூடினாலும் ஆள் மந்தமாகலாம். அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மருந்துக் கடையில் தானாக வாங்கிக் கொடுப்பது ஆபத்து. குளோசபின் சாப்பிடுகிறவருக்கு ஃபுளூவோக்சமின் சேர்த்தால், ரத்தத்தில் குளோசபின் பல மடங்கு ஏறிவிடும், வலிப்புகூட வரலாம்.

'புது மாத்திரைதான் இருக்கே' என்று பழையதை நிறுத்திவிடவும் கூடாது. நிறுத்தினால் பழைய கூச்சல் திரும்ப வரும்.