வட எல்லையில் மனம் விட்டுப் பேச: தொலைவழி மனநல ஆலோசனை, ஒரு விளக்கம்

தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகத் திருவேங்கட மலையைத் தொல்காப்பியப் பாயிரம் குறிப்பிடுவது நம்மில் பலரும் அறிந்ததே. அந்த மலையடியிலும் அதையொட்டிய சித்தூரிலும் வாழும் நமக்கு எல்லைகள் மாறுவது பழகிப்போன விஷயம். 1911-ல் சித்தூர் மாவட்டம் உண்டாயிற்று. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960-ல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. இத்தனைக்கும் நடுவே நாம் கடை வைத்தோம், வேலை பார்த்தோம், பெண் கொடுத்துப் பெண் எடுத்தோம். வியாபாரம் தெலுங்கில், பிள்ளைகளின் படிப்பு தெலுங்கிலோ இங்கிலீஷிலோ, அடுப்பங்கரைப் பேச்சு தமிழில் என்று நம் குடும்பங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

உடம்புக்கு ஏதாவது வந்தால் இந்த ஏற்பாட்டில் பெரிய குறை தெரிவதில்லை. சர்க்கரை எவ்வளவு, ரத்தக் கொதிப்பு எவ்வளவு என்பதைக் கருவி சொல்லிவிடும். அரைகுறைத் தெலுங்கே போதும். மனசுக்கு வந்தால் கதை வேறு. அங்கே அளந்து காட்டப் பெரிய கருவி ஏதும் கிடையாது. பேச்சுதான் பரிசோதனை, பெரும்பாலும் பேச்சுதான் மருந்து. ஆகவே எந்த மொழியில், யாரிடம், யார் முன்னிலையில் பேசுகிறோம் என்பது வைத்தியத்தின் பாதி. தொலைபேசி வழியாகவும் கணினித் திரை வழியாகவும் நடக்கிற மனநல ஆலோசனை நம்மைப் போன்றவர்களுக்கு ஏன் பயன்படும், எங்கே பயன்படாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாய்மொழி ஏன் வேண்டும்?

தெலுங்கில் ‘பெங்க’ என்று ஒரு சொல் உண்டு. குழந்தை அம்மாவை விட்டுப் பிரிந்து சாப்பிடாமல் வாடினால், அம்மா மேலே ‘பெங்க பெட்டுகுந்தி’ என்பார்கள். ஏக்கம், கவலை, பயம் மூன்றும் கலந்த அந்தச் சொல்லுக்குச் சரியான ஒற்றைத் தமிழ்ச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அதேபோல நம்மவர் சொல்லும் ‘மனசு விட்டுப் போச்சு’, ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பவற்றைத் தெலுங்கில் அப்படியே சொல்லிவிட முடியாது.

இன்னொரு உதாரணம் ‘வெறுத்துப் போச்சு’. கரண்டு போனாலும் இதைத்தான் சொல்கிறோம். உயிர் வாழவே பிடிக்காத நிலையிலும் இதையேதான் சொல்கிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குரலில் இருக்கிறது. அந்த மொழியிலேயே வளர்ந்தவர் காதில் அது உடனே படும். ‘எது வெறுத்துப் போச்சும்மா?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்பார். அந்த அடுத்த கேள்வியில் ஓர் உயிர் நிற்கலாம்.

மொழி தெரியாதபோது வீட்டு மனிதர்களே மொழிபெயர்ப்பாளர் ஆகிறார்கள். இது பெரிய சங்கடம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து சித்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்த பிறகு தூக்கமில்லை, காரணமில்லாத அழுகை. டாக்டரிடம் கணவன் கூட்டிப் போகிறான். இவள் தமிழில் சொல்ல, அவன் தெலுங்கில் சொல்கிறான். குறையே மாமியாரைப் பற்றியோ கணவனைப் பற்றியோ இருந்தால் அவள் எப்படிச் சொல்வாள்? சொன்னாலும் அவன் எவ்வளவு சொல்வான்? ‘தூக்கம் வரலையாம்’ என்ற ஒரு வரியோடு காரியம் முடிந்துவிடும். நல்ல டாக்டராக இருந்தும் பயனில்லாமல் போகும்.

இதைச் சொல்வதால் எல்லாரும் தமிழில்தான் பேச வேண்டும் என்பதல்ல. இங்கேயே பிறந்து தெலுங்கு மீடியத்தில் படித்த நம் பிள்ளைகளுக்குத் தெலுங்கு இயல்பாக வரலாம். வெட்கப்படுகிற விஷயத்தை வீட்டு மொழியில் சொல்லக் கூச்சப்பட்டு இங்கிலீஷில் சொல்பவர்களும் உண்டு. மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பேசுகிறவருக்கே. பெற்றோர் தீர்மானிக்கக் கூடாது.

நம் மாவட்டத்துக்கு இது புதிதா?

தொலைவழி மருத்துவம் என்றதும் கொரோனா காலத்தில் வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1959-லேயே இருவழித் தொலைக்காட்சி வைத்து மனநல சிகிச்சை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவில் இதன் ஆரம்பக் கதை நம் சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. அப்போலோ மருத்துவமனைகளின் நிறுவனர் டாக்டர் பிரதாப் சி. ரெட்டியின் சொந்த ஊரான அரகொண்டா கிராமத்தில் விண்கோள் இணைப்போடு தொலைமருத்துவ நிலையம் அமைந்தது. 2000 மார்ச் 24-ந் தேதி, ஐதராபாத் வந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் அதை முறைப்படி தொடங்கி வைத்தார். கிராமத்து நோயாளியின் விவரங்களைப் பெருநகர நிபுணர் பார்த்து ஆலோசனை சொல்வது என்பது நம் பக்கத்து ஊரிலேயே அப்போதே நடந்திருக்கிறது.

மனநலத்துக்கு இம்முறையை நன்றாகப் பயன்படுத்திய தமிழ்நாட்டு அமைப்பு ‘ஸ்கார்ஃப்’. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கியது. 2010-ல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு இவர்கள் ஒரு பஸ்ஸை அனுப்பினார்கள். பஸ்ஸுக்குள்ளேயே திரை வைத்த சிறிய ஆலோசனை அறை, மருந்துக்கும் ஓர் இடம். நோயாளி உள்ளே உட்கார்ந்து சென்னை டாக்டரோடு பேசுவார். மருந்தைப் பஸ்ஸிலேயே வாங்கிக்கொண்டு இறங்குவார்.

இதன் தேவை எவ்வளவு என்பதை 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. மன நோய்களுக்கு வேண்டிய சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயின் வகையைப் பொறுத்து, நூற்றுக்கு 70 முதல் 92 வரை என்று அது கூறியது.

வேலூர் பக்கம்தானே?

சிலர் கேட்கலாம்: வேலூர் சி.எம்.சி. இருக்கிறதே, தமிழிலேயே பேசலாமே? உண்மைதான். பாகாயத்தில் 1957 முதல் இயங்கும் அதன் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் கூடவே தங்க வைக்கும் முறைக்குப் பேர் போனது. சித்தூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர்தான். திருப்பதிக்காரர்களுக்கு அது சுமார் 100 கிலோமீட்டருக்கும் மேல்.

ஆனால் மனநல ஆலோசனை ஒரு தடவை போய் மாத்திரை வாங்கி வருகிற காரியமில்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் பேச்சுச் சிகிச்சை வாரம் ஒரு முறை, தடவைக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் என்று பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் நடக்கும். வியாபாரியாக நான் கணக்குப் போடுகிறேன்: பன்னிரண்டு தடவை பஸ் கட்டணம், பன்னிரண்டு நாள் கடையடைப்பு அல்லது விடுப்பு, ‘வாரா வாரம் எங்கே போறீங்க?’ என்ற பக்கத்து வீட்டுக் கேள்வி பன்னிரண்டு முறை. மூன்றாம் வாரத்திலேயே நின்றுவிடும். பாதியில் நின்ற சிகிச்சை பலன் தராது. தொலைவழி ஆலோசனையின் முதல் லாபம் இதுதான்: தொடர்ந்து போக முடியும். சாதாரண மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் திரைவழிப் பேச்சுச் சிகிச்சை நேரில் பெறுவதற்கு ஏறக்குறைய ஈடாகப் பலன் தருகிறது என்று பல நாட்டு ஆய்வுகளும் காட்டியுள்ளன. திருப்பதியில் விடுதியில் தங்கிப் படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும், வேலைக்காக டில்லி, சண்டிகர் என்று வடக்கே போன நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

எப்படி நடக்கிறது?

மத்திய அரசு 2020 மார்ச் 25-ந் தேதி தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இதன்படி பதிவு பெற்ற மருத்துவர் குரல், படம், எழுத்து எதன் வழியாகவும் ஆலோசனை தரலாம். அவர் தம் பெயரையும் பதிவு எண்ணையும் தெரிவிக்க வேண்டும். நாமும் பெயர், வயது, முகவரி சொல்ல வேண்டும். சில மருந்துகளைத் தொலைவழியில் எழுதக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது.

மனநல மருத்துவர் வேறு, மருத்துவ உளவியலாளர் வேறு என்பதை அறிந்துகொள்ள வேண்டும். முன்னவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதுவார். பின்னவர் பேச்சுச் சிகிச்சை தருபவர், மருந்து எழுத மாட்டார். இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. சரக்கு வாங்கும்போது முத்திரை பார்க்கிறோமே, அதுபோலத்தான்.

முதல் நாள் ஆலோசகர் உங்கள் இருப்பிடத்தையும் அருகில் இருக்கும் ஒருவரின் போன் நம்பரையும் கேட்டால் பயப்பட வேண்டாம். ஆபத்து என்றால் உடனே உதவி அனுப்பத்தான். பிறகு என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரிப்பார். வாரா வாரம் சிறு வேலை கொடுப்பார்: மனதில் வந்துபோகும் எண்ணங்களை எழுதி வை, காலையில் அரை மணி நட, விட்டுப்போன ஒரு காரியத்தைத் திரும்பத் தொடங்கு என்பது மாதிரி. அதைச் செய்பவருக்கே பலன்.

செலவில்லாத வழி

கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவை இருக்கிறது. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. நம்பர் 14416, அல்லது 1800-891-4416. இருபத்து நான்கு மணி நேரமும், காசில்லாமல். தமிழ், தெலுங்கு உட்பட 20 மொழிகளில் சேவை உண்டு. போன் செய்தவுடன் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார், அல்லது பக்கத்து மருத்துவமனைக்கு வழி சொல்வார். தமிழ்நாட்டில் இதையே ‘நட்புடன் உங்களோடு’ என்று அழைக்கிறார்கள்.

ரகசியம்

நம்மவர்களின் பெரிய பயம் வெளியே தெரிந்துவிடுமோ என்பது. ‘பொண்ணு பார்க்க வர்றவங்களுக்குத் தெரிஞ்சா?’ என்ற ஒரே கேள்வியால் சிகிச்சைக்குப் போகாமல் இருப்பவர்கள் அநேகர். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அமலுக்கு வந்தது 2018 மே 29. நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டியதை அது சட்டபூர்வ உரிமையாக்கியுள்ளது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அரசு தர வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது.

இந்த ரகசிய தர்மம் நம் நாட்டுக்குப் பழையது. ‘ஆலோசனை’ என்ற சொல்லுக்கே சமண நூல்களில் தனிப் பொருள் உண்டு. தன் குற்றம் குறைகளை ஒளிக்காமல் குருவிடம் எடுத்துச் சொல்வதே ஆலோசனை. அதைக் கேட்கும் ஆசாரியருக்கு வேண்டிய குணங்களில் ஒன்றாக, சிவார்யர் இயற்றிய ‘பகவதி ஆராதனா’ என்ற பிராகிருத நூல் ‘அபரிஸ்ராவி’ என்பதைச் சொல்கிறது. கேட்டதைக் கசிய விடாதவர் என்று பொருள். இன்றைய சட்டம் ஆலோசகரிடம் எதிர்பார்ப்பதும் அதே குணம்தான்.

ஆலோசகர் கசியவிடாவிட்டாலும் வீட்டுச் சுவர் கசியவிடும். ஒரே கூடத்தில் ஐந்து பேர் இருக்கையில் மனம் விட்டுப் பேச முடியாது. காதில் இயர்போன், மொட்டை மாடி, மதிய வேளையில் கடையின் பின்னறை என்று ஓர் இடத்தை ஏற்படுத்திக் கொடுப்பது குடும்பத்தாரின் கடமை. ‘என்ன பேசினே?’ என்று கேட்காமல் இருப்பதும் கடமையே.

எப்போது இது போதாது?

காதில் ஆள் இல்லாத குரல்கள் கேட்கிறது என்றாலோ, யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று ஓயாமல் சந்தேகப்பட்டாலோ, பல நாள் தூங்காமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் பணத்தை இறைத்தாலோ, நேரில் டாக்டரைப் பார்க்க வேண்டும். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தி நடுக்கமும் பிதற்றலும் வந்தால் அது உயிருக்கே ஆபத்து. தற்கொலைக்கு முயன்றுவிட்டால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். திருப்பதி ரூயா அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளுக்கு அப்போது மொழி பார்க்காமல் ஓட வேண்டும். திரை, கூட இருக்கும் மனிதருக்கு மாற்று ஆகாது.

சங்கம் செய்யக் கூடியவை

என் சிற்றறிவுக்கு எட்டிய மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவது, 14416 என்ற நம்பரைச் சங்கத்தின் நாட்காட்டியிலும் விழா அழைப்பிதழிலும் அச்சிடலாம். இரண்டாவது, வீட்டில் தனியிடம் இல்லாதவர்களுக்காகச் சங்கக் கட்டிடத்தில் ஒரு சிறு அறையைக் கதவு, நாற்காலி, இணைய வசதியோடு ஒதுக்கலாம். யார் வந்தார், எதற்கு வந்தார் என்று பதிவேடு வேண்டாம். மூன்றாவது, பெண்களுக்குத் துணையாக வேலூருக்கோ திருப்பதிக்கோ போய்வரத் தெலுங்கும் தமிழும் தெரிந்த சகோதரிகள் நாலு பேர் முன்வந்தால், கணவனே மொழிபெயர்க்கும் சங்கடம் தீரும்.

நாம் இங்கே தமிழ்ப் பள்ளிக்காகவும் பொங்கல் விழாவுக்காகவும் பாடுபடுகிறோம். மொழியைக் காப்பாற்றுவது பாட்டுக்கும் பட்டிமன்றத்துக்கும் மட்டும் அல்லவே. நடுராத்திரியில் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிற நம் வீட்டுப் பெண்ணுக்கு, ‘சொல்லும்மா, கேட்டுட்டு இருக்கேன்’ என்று அவள் மொழியிலேயே ஒரு குரல் கிடைக்க வேண்டும். அந்தக் குரல் இருக்கிறது என்பதை அவளுக்குத் தெரியப்படுத்துவோமாக.